நரிக்கு வைத்த மருந்து

அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்,

வழக்கமாக நான் இங்கே போடுவது பழைய குரூப் போட்டோ, பிறந்தநாள் வாழ்த்து, மழைக்காலத்தில் எங்கள் வீட்டு ஹைட்ரேஞ்சியா. இன்றைக்கு அப்படி இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். மூன்று நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. கொஞ்சம் நீளமாக இருக்கும். 40 நிமிஷ வகுப்பில் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், ஒரு 10 நிமிஷம் உட்காருங்கள்.

எங்கள் தெரு உங்களில் பலருக்குத் தெரியும். குன்னூரில் இருந்து கோத்தகிரி போகிற பக்கம், ரோட்டுக்குக் கீழே இறங்குகிற தெரு. நான் குடிவந்தபோது ஒன்பது வீடு. இப்போது 22. அதில் பாதி, வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும் காட்டேஜ். தெருவுக்குக் கீழே தேயிலைத் தோட்டம். அதற்குக் கீழே லைன் வீடுகள். அதையும் தாண்டினால் ஓடையை ஒட்டி ஒரு துண்டுச் சோலை.

போன கார்த்திகையில் இருந்து அந்தச் சோலைப் பக்கமிருந்து இரண்டு நரிகள் தெருவுக்கு வருகின்றன. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று ஊளையிடும், இன்னொன்று பதில் சொல்லும். என் பீன்ஸ் பாத்தி ஓரமாகவே நடந்து போயிருக்கின்றன. எதிர்வீட்டில் நாலு கோழி போனது. என் வீட்டில் ஒன்று போனது. லைன் வீட்டில் ஒரு அம்மாவுக்கு அடைகாத்துக்கொண்டிருந்த கோழியே போனது. இதை எல்லாம் நான் மறைக்கவில்லை. நஷ்டம் நஷ்டம்தான்.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நரி வந்த செய்தி அதில் ஒரே நாளில் நூறு மெசேஜைத் தாண்டியது. சிசிடிவி வீடியோ, சிவப்பு அம்புக்குறி, பயமுறுத்தும் மியூசிக். குன்னூரிலேயே இல்லாதவர்கள்தான் அதிகம் பதறினார்கள். கடைசியில் ஒருவர் எழுதினார்: “மருந்து வச்சா முடிஞ்சுது.” அதற்குக் கீழே பதினொரு கட்டைவிரல்.

நான் “வேண்டாம், தப்பு” என்று ஒரு வரி போட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. சரி, விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். 34 வருஷம் பிள்ளைகளை மேய்த்தவள், பின் பெஞ்சு திடீரென்று அமைதியானால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரியோடு நிறுத்தியது என் தப்பு. அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, லைன் வீட்டுக் குழாயடியில் ஒரு நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் பாதி தின்ற கோழிக்குடல் பொட்டலம். யார் வைத்தது? யாரும் வைக்கவில்லையாம். குரூப்பில் அன்றைக்கு ஒரு குட்மார்னிங் படம்கூட வரவில்லை.

அந்த நாய் சும்மா திரிந்த நாய் இல்லை. கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அம்மாவின் நாய். அவர் தினமும் காலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தேயிலைக்குள்ளே நடந்து வேலைக்குப் போகிறார். மூடுபனி நாளில் பத்தடிக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. காட்டுமாடு நின்றால் நாய்தான் முதலில் குரைத்துச் சொல்லும். காட்டுமாடு என்றால் என்னவென்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பேப்பரில் காட்டெருமை என்று போடுகிறார்களே, அதுதான். வளர்ந்த கிடா ஒரு டன் எடை வரும். இந்த மலையில் காட்டுமாடு முட்டியும் கரடி தாக்கியும் செத்தவர்கள், கை கால் போனவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், விடியலில் வெளியே இறங்குகிறவர்கள். நரிக்குப் பயந்து யாரோ வைத்த மருந்து, காட்டுமாட்டிடமிருந்து ஒரு மனுஷியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாயைக் கொன்றது. அவர் இப்போது தனியாக நடக்கிறார்.

நரிகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? வியாழக்கிழமை ராத்திரியும் இரண்டும் ஊளையிட்டன.

இனி குரூப்பில் வந்த வாதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். அங்கே என்னை யாரும் பேச விடவில்லை. இது என் பக்கம்.

முதல் வாதம்: “நரி எல்லாம் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சிடுச்சு.”

ஆரம்பிச்சிடுச்சா? வெள்ளைக்காரன் இந்த மலைக்கு வந்து ஊட்டியைக் கட்டிய கையோடு ஆரம்பித்த பொழுதுபோக்குகளில் ஒன்று, குதிரையில் ஏறி நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்துவது. ஊட்டி ஹன்ட் என்று பெயர். அவர்கள் ஊரில் துரத்தியது சிவப்பு நரி. அந்தச் சிவப்பு நரி நம் மலையில் கிடையாது. அதனால் நம் நரியைத் துரத்தினார்கள். அதற்காகவே இங்கிலாந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்தார்கள். ஊட்டிக்கு வெளியே வென்லாக் டவுன்ஸ் என்று புல்வெளி இருக்கிறதே, சினிமாப் பாட்டு எடுக்கும் இடம், 1891 முதல் 1896 வரை மதராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. அந்தப் புல்வெளிதான் வேட்டைக்களம். நரியே இல்லாத மலையில் யாராவது நூறு வருஷத்துக்கு மேல் நரி வேட்டை ஆடுவார்களா? நரி இங்கே இருந்தது. நம் தெருதான் புதுசு.

அதே இங்கிலாந்து 2004-இல் சட்டம் போட்டு, நாய்க்கூட்டத்தை வைத்து நரி வேட்டையாடுவதைத் தடை செய்துவிட்டது. என் அக்கா மகள் லண்டனில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் நரி வந்து உட்கார்ந்து வெயில் காய்கிறது, குப்பைத்தொட்டியை உருட்டுகிறது, அவளும் திட்டிக்கொண்டே மூடியைப் பூட்டுகிறாள். எட்டுப் பத்து லட்சம் செலவு செய்து காட்டேஜ் ஓரத்தில் இங்கிலீஷ் ரோஜா வைக்கத் தெரிந்த நமக்கு, குப்பைத்தொட்டியைப் பூட்டும் புத்தியை அந்த ஊரில் இருந்து எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம்: “ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சிட்டுப் போய் முதுமலையில விடட்டும்.”

கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தவர் காலி செய்தால் என்ன ஆகும்? வீடு நன்றாக இருந்தால் அடுத்த மாதமே வேறு ஆள் வருவார். சோறு கிடைக்கிறது, ஒதுங்க இடம் கிடைக்கிறது என்றால், இந்த இரண்டு நரியைப் பிடித்த இடத்துக்கு வேறு இரண்டு வரும். லண்டனில் பல உள்ளாட்சிகள் நரி பிடிக்கும் வேலையையே செய்வதில்லை என்றால், காரணங்களில் இதுவும் ஒன்று. பிடித்துக்கொண்டு போய் விடுகிற இடம் என்ன காலி மைதானமா? அங்கே ஏற்கெனவே வேறு நரிக்குடும்பம் இருக்கும். புது இடத்தில் வழி தெரியாமல், ரோட்டில் அடிபட்டோ கடிபட்டோ சாகும். நம் கண்ணுக்குப் படாமல் சாகட்டும் என்பதற்குப் பெயர் இடமாற்றம் இல்லை.

குரங்கு விஷயத்தில் நாம் பார்க்காததா? மார்க்கெட்டில் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஒரு மாதத்தில் மார்க்கெட் கூரையில் மறுபடி குரங்கு இருக்கும். கூரைக்குக் கீழே அழுகின பழம் கொட்டிக் கிடக்கும்வரை குரங்குக்குப் பஞ்சம் வராது.

மூன்றாவது வாதம்: “நரி கடிச்சா வெறிநோய் வரும்.”

இது நியாயமான பயம். இதைச் சொன்ன மருமகப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். நரிக்கு வெறிநோய் வரும். மும்பையில் 2024-இல் நரிகளுக்கு வெறிநோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பகலில் தள்ளாடிக்கொண்டு, வாயில் நுரையோடு, மனுஷனைப் பார்த்தும் ஒதுங்காமல் வருகிற நரியைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கடித்துவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும், மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஊசியை ஒன்றுவிடாமல் போட்டு முடிக்க வேண்டும்.

ஆனால் குன்னூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது. சிம்ஸ் பார்க் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று இருக்கிறதே, தினமும் அதைத் தாண்டித்தானே போகிறீர்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையில் 1907-இல் தொடங்கினது. எதற்கு? வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நான் வரிசை கட்டி அதன் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். நம் நாட்டில் மனுஷருக்கு வெறிநோய் வருவது கிட்டத்தட்ட எல்லாம் நாய்க்கடியால்தான். நாய்க்கு ஊசி போட்டால் நாயும் பிழைக்கும், நரியும் பிழைக்கும், நாமும் பிழைப்போம். வெறிநோய்க்கு மருந்து ஊசியில் இருக்கிறது. கோழிக்குடலில் தடவி வைப்பதற்குப் பெயர் மருந்து இல்லை, விஷம். தமிழ் டீச்சராக இதை முதலில் திருத்துகிறேன். இனி அந்த குரூப்பில் யாரும் “மருந்து” என்று எழுதக்கூடாது. விஷம் என்று எழுதுங்கள். எழுதும்போது கை கூசினால் நல்லது.

நான்காவது வாதம்: “குழந்தைங்க விளையாடுற இடம், தூக்கிட்டுப் போயிட்டா?”

இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கத்தில் தோட்டத்தில் ஒரு சிறுத்தை மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கொன்றது. ஜார்க்கண்டில் இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அன்றைக்கு ஊரே ரோட்டில் உட்கார்ந்தது, உட்கார வேண்டியதுதான். அந்தச் சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள், பிடிக்க வேண்டியதுதான். ஆபத்தான மிருகத்தைப் பிடிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

ஆனால் நரி சிறுத்தை இல்லை. நம் நரி எட்டுப் பத்துக் கிலோ இருக்கும். தெருநாயைவிடப் பெரிது இல்லை. எலி, நண்டு, பூச்சி, விழுந்த பழம், செத்த மாடு, ஏமாந்த கோழி. இதுதான் அதன் சாப்பாடு. கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு எலித் தொல்லை என்னவென்று தெரியும். அந்த எலியைக் கூலி வாங்காமல் பிடிக்கிற ஆள் இது. நோயில்லாத நரி மனுஷரைத் தேடி வந்து கடிப்பது அபூர்வம். சின்னக் குழந்தையை இருட்டும் நேரத்தில் தனியாக வெளியே விடாதீர்கள், அது எந்த மிருகம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மலையில் சரியான பழக்கம். சிறுத்தைக்கு உண்டான பயத்தை நரி மேல் ஏற்றினால், நிஜமாகவே சிறுத்தை வரும்போது கத்த நமக்குக் குரல் இருக்காது.

ஐந்தாவது வாதம்தான் எனக்கு ரொம்பக் கசப்பு: “ஒரு நரி செத்தா என்ன குடிமுழுகிப் போயிடும்?”

விஷத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது. 2023 செப்டம்பரில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தது நினைவிருக்கிறதா? மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில் அந்த மாட்டின் உடம்பிலேயே விஷம் வைத்ததாக ஒருவர் கைதானார் என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. அந்த மனுஷரின் நஷ்டம் உண்மை. ஒரு மாடு போனால் ஒரு குடும்பத்துக்கு என்ன போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் விஷம் வைத்ததால் மாடு திரும்பி வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் அவை மிஞ்சி நிற்கிற சில இடங்களில் அது முக்கியமானது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தே, செத்த மாட்டின் வழியாக அந்தக் கழுகுகளை நாடு முழுக்கக் கொன்றது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் போடத் தடை விதித்தார்கள். நல்லெண்ணத்தோடு போட்ட ஊசியே அப்படிப் போனது என்றால், கொல்வதற்கென்றே வைக்கும் விஷம் எதன் வயிற்றில் எல்லாம் போகும்? நாய், பூனை, காக்கை, கீரி. நாளைக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒரு மூன்று வயதுப் பிள்ளை.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நரியும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. விஷம் வைப்பதும் வேட்டை, சுருக்குக் கம்பி கட்டுவதும் வேட்டை, கட்ட முயற்சி செய்வதும் வேட்டை. “பைக் கிளட்ச் வயர் இருந்தா போதும், நானே செஞ்சு தர்றேன்” என்று குரூப்பில் எழுதிய தம்பி, நீங்கள் எழுதியதே போலீஸ் கையில் ஒரு சாட்சி. காட்டுப்பன்றிக்கு என்று கட்டிய சுருக்கில் சிறுத்தை இடுப்பு அறுந்து தொங்குவதை நம் தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். நாயைக் கொல்வதும் சும்மா இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அதற்கும் தண்டனை உண்டு.

இப்போது என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி வடை சுட்ட கதையை நான் எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! வடையைத் திருடியது காக்கை. ஆனால் பிள்ளைகள் மனசில் திருடன் என்று பதிந்தது நரி. எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்னதும் நரி. சிங்கத்துக்குக் கெட்ட யோசனை சொல்வதும் நரி. கரும்பலகையில் நான் வரைந்த நரியைப் பாருங்கள், வெள்ளைக்காரப் புத்தகத்து நரி, சிவப்பு உடம்பும் குஞ்சம் வைத்த வாலும். நம் சோலையில் இருக்கிற மண்ணிறத்து நரியை நானே ரிட்டயர் ஆன பிறகுதான் நின்று நிதானமாகப் பார்த்தேன். ஆணும் பெண்ணும் ஜோடியாகவே திரிகின்றன, குட்டிகளை இரண்டும் சேர்ந்து வளர்க்கின்றன. ஒன்று சாப்பிடும்போது இன்னொன்று நின்று பார்த்துக்கொள்கிறது. தந்திரம் ஒன்றையும் நான் காணவில்லை. பசியைத்தான் பார்த்தேன்.

சமவெளியில் நிலைமை வேறு. சேலம் வாழப்பாடிப் பக்கம் சில ஊர்களில் பொங்கல் சமயத்தில் வங்காநரியின் முகத்தில் விழித்தால் நல்லது என்று வலைபோட்டுப் பிடித்துவந்து ஜல்லிக்கட்டு நடத்துவார்கள். வனத்துறை அபராதம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே நரி அதிர்ஷ்டம், இங்கே நரி சனியன். எப்படிச் சொன்னாலும் அதன் கழுத்தில் விழுவது வலைதான்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். திட்டுவதோடு நிறுத்துகிற டீச்சர் இல்லை நான்.

நரி எதற்கு வருகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவின் கோடியில், வளைவுக்குக் கீழே சரிவில், கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சனி ஞாயிறு காட்டேஜ்களில் நெருப்பு மூட்டிக் கோழி சுடுகிறார்கள். மிச்ச எலும்பு கறுப்புக் கவரில் கட்டி வேலியோரம். நரிக்கு நாமே இலை போட்டுக் கூப்பிட்டுவிட்டு, வந்தது ஏன் என்று கேட்கிறோம். கரடியும் இதே கதைதான். கோத்தகிரிப் பக்கம் சத்துணவுக் கூடத்தை உடைத்துப் பருப்பும் எண்ணெயும் தின்கிறது, கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கிறது. கறையானும் தேனும் தின்று வளர்ந்த மிருகம் அது. காட்டில் உண்ணிச்செடி மண்டிப்போய், சோலை துண்டு துண்டாகி, நடுவில் நம் குப்பை மணக்கும்போது அது எந்தப் பக்கம் திரும்பும்?

இந்த மாவட்டத்தால் முடியாதது இல்லை. 2001 வாக்கில் சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோது பிளாஸ்டிக் பைக்கு எதிராக ஊரே இறங்கியது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூட யூனிஃபார்மில் என்னோடு சாக்குப்பை பிடித்துக்கொண்டு குப்பை பொறுக்கியவர்கள். ஐகோர்ட் உத்தரவால் 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கு வர இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. வருகிற வண்டிக்குக் கணக்கு உண்டு. வந்தவர்கள் தின்றுபோட்ட எலும்புக்குக் கணக்கு யார் வைப்பது?

ஆகவே:

ஒன்று. கோழி வளர்ப்பவர்கள் இருட்டுவதற்கு முன் கோழியைக் கூண்டில் அடைக்க வேண்டும். சின்னக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் போடுங்கள். அடியில் ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள், நரி தோண்டும். மேலேயும் மூடி வேண்டும்.

இரண்டு. லைன் வீட்டில் கோழி வளர்க்கிறவர்களுக்கு மெஷ் வாங்கக் காசு இல்லை. கோழிக்கு நஷ்டஈடு கேட்டு அலைய அவர்களுக்கு நேரமும் இல்லை. தெருவில் உள்ள 22 வீடும் சேர்ந்து அந்தச் செலவை ஏற்க வேண்டும். தோட்டத்துக் காட்சி வேண்டும் என்று பணம் கொடுத்து வந்தவர்கள் நாம். அந்தக் காட்சிக்குள் வேலை செய்கிறவர்களின் கோழியைக் காப்பதும் அந்த விலையில் சேர்த்தி.

மூன்று. காட்டேஜ் வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் ஆறு பேர் இதைப் படிப்பீர்கள். பெங்களூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு போனிலேயே சாவி கொடுக்கிறீர்கள். உங்கள் கேர்டேக்கரிடம் சொல்லுங்கள், மிச்சச் சாப்பாடு மூடியுள்ள தொட்டியில் போக வேண்டும், வேலியோரம் ஒரு எலும்பு கிடக்கக்கூடாது. விருந்தாளி வருத்தப்படுவார் என்றால் படட்டும்.

நான்கு. தெருநாய்க்கும் வளர்ப்பு நாய்க்கும் வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி. கால்நடை மருத்துவரைத் தெருவுக்கு அழைத்து வர நான் பொறுப்பு.

ஐந்து. குழாயடியில் இருந்து லைன் வீடு வரை மூன்று விளக்குக் கம்பம், பாதை ஓரத்துப் புதரை வெட்டிச் சுத்தம் செய்வது. நரிக்காக இல்லை. காட்டுமாடு நிற்பது தெரிவதற்காக. நரிக்காகப் பதறிய நூறு மெசேஜில் ஒன்றுகூட இதைப் பற்றி இல்லை. ராத்திரி கக்கூஸுக்கு டார்ச் இல்லாமல் இறங்கும் பெண்களின் பயம் நம் குரூப்புக்குள் வருவதே இல்லை, அவர்களை நாம் குரூப்பில் சேர்க்கவே இல்லை.

என் நாத்தனார் மகன் கேட்டான்: “அத்தை, உங்களுக்கு நரி மேல அவ்வளவு பாசமா?” பாசம் எல்லாம் ஒன்றுமில்லை தம்பி. என் கோழியும் போயிருக்கிறது, அன்றைக்கு நானும் சாபம் விட்டேன். நம் பெரியவர்கள் சொல்வார்கள்: நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி. அவ்வளவுதான் நான் கேட்பது. அதைக் கும்பிட வேண்டாம், சோறு வைக்க வேண்டாம், சோறு வைப்பதும் தப்பு. அது போகிற வழியில் போகட்டும், நாம் கூண்டைச் சாத்துவோம்.

கடைசியாக, அந்தப் பொட்டலத்தை வைத்தவருக்கு. நீங்கள் இந்தக் குரூப்பில் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் என்னிடம் படித்திருப்பார், அவர் வழியாக இது உங்களிடம் வரும். உங்கள் பெயரை நான் கேட்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அது அந்த அம்மா எடுக்க வேண்டிய முடிவு. அவர் புகார் கொடுத்தால் கூடவே ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் உங்களால் செய்ய முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. மிச்சம் வைத்த பொட்டலங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கே கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெட்கமாக இருந்தால் இருட்டில் எடுங்கள். ஆனால் எடுங்கள். அந்தப் பாதையில்தான் லைன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எனக்கு அடுத்துவந்த டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைன் வீட்டில் முதல் கூண்டுக்கு மெஷ் அடிக்கிறோம். ஊரில் இருக்கும் பிள்ளைகள் சுத்தியலும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் மெஷ்ஷுக்குப் பணம் அனுப்பலாம், ரசீது தருவேன். அந்த அம்மாவுக்கு ஒரு நாய்க்குட்டி பார்த்திருக்கிறோம். அது குரைக்கப் பழகும்வரை காலையில் அவரோடு தோட்டம் வரை நடக்க ஆள் வேண்டும். முதல் வாரம் நான் போகிறேன். முட்டிவலி இருக்கிறது, மெதுவாகத்தான் நடப்பேன். அடுத்த வாரத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

கட்டைவிரல் போட வேண்டாம். பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்